நான் ஒட்டிய நாலு ‘யெஸ்’

இந்தத் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய பிழையை நானே கைப்பட எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு கணினிகளில் ஒட்டியும் வைத்தேன். பொதுவாகப் பிழை செய்தவர்கள் அதை மறைக்கப் பார்ப்பார்கள். நான் எல்லோருக்கும் தெரியும்படி வடிவான எழுத்தில் எழுதி, அடியில் என் பெயரையும் போட்டிருந்தேன். கணினி உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டீர்கள். என் திறமைகளைச் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி வருவதற்குள் முடிந்துவிடும். அதனால் இந்தப் பிழையையே சொல்கிறேன்.

சண்டைக் காலம். சமாதானம் என்று சொல்லிக் கொஞ்சநாள் மூச்சு விட்டுவிட்டு, திருகோணமலையில் மறுபடியும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. நான் அப்போது ஒரு நிவாரண நிறுவனத்தின் மாவட்டக் கந்தோரில் கணினி பார்க்கிறவன். துறைமுகப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான் கந்தோர் நடந்தது. முன்வளவில் காலையில் மான்கள் வந்து குரோட்டன் செடிகளைத் தின்னும். உள்ளே நாலு கணினிகளும் ஐந்தாறு பேரும் இருந்தோம். கணினி நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் கதாநாயகர் சிவபாதம் அண்ணை. ஐம்பது தாண்டியவர், பதிவுப் பகுதிக்குப் பொறுப்பு. மூதூர், வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து நகரத்துக்கு வந்து சொந்தக்காரர் வீடுகளில் தங்கியிருந்த குடும்பங்களின் பட்டியல் அவருடைய கணினியில்தான் இருந்தது. பாயும் பால்மாவும் கொடுக்க அந்தப் பட்டியல் வேண்டும். ஆனால் அதில் இருந்தது என்ன? யார், என்ன வயது, எந்தத் தெருவில் எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் படுக்கிறார்கள் என்ற விபரம் முழுக்க. அந்தக் காலத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் எந்த வீட்டில் படுக்கிறான் என்பது எந்தப் பக்கத்தாரின் கையில் கிடைத்தாலும் அந்த வீட்டாருக்கு நித்திரை போய்விடும்: ஒரு பக்கத்தார் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள், மற்றப் பக்கத்தார் சண்டைக்குச் சேர்க்கக் கொண்டு போவார்கள். சிவபாதம் அண்ணையின் தங்கச்சி குடும்பமும் மூதூரிலிருந்து ஓடிவந்து அவர் வீட்டில்தான் இருந்தது. தங்கச்சிக்கு இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள், இரண்டு பேரும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய பெயரையும் தன் வீட்டு முகவரியையும் அண்ணை தன் கையாலேயே பட்டியலில் ஏற்றியிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்புத் தலைமையகம் ஒரு மென்பொருளை அனுப்பியது. இன்றைக்கு உங்களுக்கு அது பழைய கதை. அன்றைக்கு எங்களுக்கு மாயம். கணினியில் ஏதும் கோளாறு என்றால் கொழும்பில் இருக்கும் தொழில்நுட்பத் தம்பி அங்கிருந்தபடியே எங்கள் திரையைப் பார்ப்பார், மவுஸைத் தானே அசைத்துத் திருத்துவார். அதற்கு முன் எங்கள் திரையில் ஒரு பெட்டி வரும். இன்னார் உங்கள் திரையைப் பார்க்க விரும்புகிறார், விடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். கீழே யெஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள்.

எங்கள் ஆட்கள் பெட்டியைக் கண்டதும் பயந்து என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் ஓடி ஓடி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரு பின்னேரம் உட்கார்ந்து நாலு காகிதத் துண்டுகள் எழுதினேன். ‘பெட்டி வந்தால் பயப்படவேண்டாம். யெஸ் என்பதை அழுத்தவும்.’ எழுதி, உறை போட்டு, நாலு திரைகளின் நெற்றியிலும் செலோடேப்பால் ஒட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்கவேண்டும்.

துண்டு ஒட்டிய பிறகு முதல் பெட்டி சிவபாதம் அண்ணையின் திரையில்தான் வந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். மனிசன் விறைத்துப்போய்க் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே தெரியும்படி வைத்தார். பிறகு சேட்டின் நெஞ்சுப் பைக்குள் இருந்து அடையாள அட்டையை எடுத்து, திரைக்கு நேரே பிடித்தார். அதன் பிறகுதான் குனிந்து யெஸ்ஸை அழுத்தினார். அழுத்திவிட்டும் அட்டையை இறக்கவில்லை.

நான் சிரித்த சிரிப்பில் பின்னால் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

“அண்ணை, அதுக்குக் கண் இல்லை. உங்களைத் தெரியாது. திரையை மட்டுந்தான் பாப்பினம்.”

“எனக்கென்ன தெரியும் தம்பி? பாக்கோணும் எண்டு கேட்டாங்கள். காட்டினன்.”

சிரித்தேனே ஒழிய நான் யோசிக்கவில்லை. அண்ணையின் வீடு உப்புவெளிப் பக்கம். அங்கிருந்து கந்தோருக்கு வர மூன்று சென்றி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. போக மூன்று. வருசக்கணக்காக ஒரு நாளைக்கு ஆறு தரம் சைக்கிளை விட்டு இறங்கி, அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டியவர். பார்க்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால் காட்டவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமா? எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அப்படிப்பட்ட ஊரில் போய் நான் யெஸ் அழுத்தச் சொல்லி அறிவித்தல் வேறு ஒட்டியிருக்கிறேன்! காட்டாமல் விடலாம் என்று யாராவது ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் அதைச் செய்யவில்லை.

இனிமேல்தான் விசயம்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னம். சிவபாதம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, கொழும்பு வந்து நிக்குது.”

போய்ப் பார்த்தேன். திரையில் பட்டியல் திறந்திருந்தது. அதன் மேல் பெட்டி. அதிலிருந்த பெயர் வழக்கமான பெயர் அல்ல. ஆனால் தலைமையகத்தின் பெயர்போலத்தான் இருந்தது. கணினியில் எந்தக் கோளாறும் இல்லை, நாங்கள் எவரையும் கூப்பிடவும் இல்லை. இன்றைக்கு உங்களில் ஒருவர் இதைக் கண்டால் உடனே முகத்தைச் சுளிப்பீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஏதோ புதுசா ஏத்தப் போயினம் போல. அழுத்துங்கோ அண்ணை.”

அண்ணை அட்டையை எடுக்கச் சேட்டுப் பைக்குள் கை விட்டார். நான் சொல்லியும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அட்டை கைக்கு வருவதற்குள் முன்னறையிலிருந்து ஒப்பரேட்டர் அக்கா ஓடிவந்தா.

அக்காவைப்பற்றிச் சொல்லவேண்டும். வாசலில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பவ. கணினியைத் தொட்டதே இல்லை, தொடவும் விரும்பமாட்டா. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தவர்கள் என்று பட்டம் பெற்ற நாலைந்து பேரைச் சொல்லலாம். ஆனால் அவர்கள் எல்லோரையும்விட அக்கா சொல்லித்தந்ததுதான் எனக்கு உதவியது. அவவின் பெயரை இங்கே சொல்லவில்லை, சொன்னால் ஏசுவா.

“தம்பி, லைனில ஒருத்தர் நிக்கிறார். கொழும்பு ஒபிஸ் எண்டுறார். கணினிக்குள்ள வைரஸ் பூந்திட்டுதாம். சிவபாதத்தின்ர மேசைக்கு உடனே லைனைப் போடட்டாம், யெஸ்ஸை அழுத்தச் சொல்லட்டாம்.”

“ஓம் அக்கா, பெட்டி வந்து நிக்குது. போடுங்கோ.”

“பொறும். எங்கட கொழும்புத் தம்பிக்குத் தமிழில மூண்டு சொல்லுத்தான் தெரியும். வணக்கம், சாப்பிட்டாச்சா, சரி. இவர் மேடையில பேசுறமாதிரிக் கதைக்கிறார்.”

“புது ஆளா இருக்கும் அக்கா.”

“இருக்கட்டும். புது ஆளெண்டால் பழைய நம்பருக்குப் போன் எடுத்துக் கேட்டால் சொல்லுவினம்தானே? உங்கட நம்பரைத் தாங்கோ, எடுக்கிறன் எண்டன். தரமாட்டாராம். போனை வச்சால் எல்லாம் அழிஞ்சிடுமாம்.”

பிள்ளைகளே, தொழில்நுட்பம் என்று நான் பிறகு படித்த எல்லாவற்றிலும் இதைவிடக் கூடுதலாக ஒன்றும் இருக்கவில்லை. வந்தவர் தருகிற நம்பருக்கு எடுக்காதே, உன் கொப்பியில் இருக்கிற நம்பருக்கு எடு. அவசரம் என்றால் இன்னும் ஆறுதலாக, நிதானமாக எடு. அந்த இடத்தில்தான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. திரையைப் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் பெயர்கள் வரிசையாக நின்றன. அண்ணையும் பார்த்தார். அவர் பார்த்த வரி எது என்று எனக்குத் தெரியும்.

“அப்ப வைக்கச் சொல்லுங்கோ அக்கா, நான் நோவை அழுத்துறன்” என்று மவுஸுக்குக் கை நீட்டினேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டா.

“மற்ற மூண்டு மேசையிலயும் என்ன ஒட்டி வச்சிருக்கிறீர்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டியல் அண்ணையின் கணினியில் இருந்தாலும் மற்ற மூன்றிலிருந்தும் அதைத் திறக்கலாம். இங்கே நோ என்றால் அந்த மனிசன் அடுத்த மேசைக்குப் பெட்டி அனுப்புவான். அங்கே இருக்கிற பிள்ளை என் துண்டை வாசிக்கும், பயப்படாமல் யெஸ்ஸை அழுத்தும்.

“நான் மற்ற லைனில கொழும்புக்கு எடுக்கிறன். சிவபாதம், நீங்கள் அதுவரைக்கும் அந்த ஆளை இந்த மேசையில கதையில வச்சிருங்கோ. தம்பி, நீர் போய் உம்மட துண்டுகளைக் கழட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டா. அண்ணையின் மேசைத் தொலைபேசி அடித்தது.

நான் அண்ணையைப் பார்த்தேன். இவர் எப்படிச் சமாளிக்கப் போகிறார்? யார் என்ன கேட்டாலும் காட்டுகிற மனிசன். அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அண்ணையிடம் எனக்குத் தெரியாத ஒரு வித்தை இருந்தது. சென்றியில் பையைக் காட்டமாட்டேன் என்று சொல்ல ஏலாது. மெதுவாகக் காட்டலாம். அண்ணை பையின் வாயை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார். முதல் முடிச்சு அவிழவே நேரம் எடுக்கும். பிறகு சாப்பாட்டுப் பெட்டி, கண்ணாடிக் கூடு, குடை, பேப்பர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குவார். பின்னால் சைக்கிள்கள் ஒழுங்கை வரைக்கும் வரிசையில் நிற்கும். கடைசியில் ஆமிக்காரனே களைத்துப்போய், சிங்களத்தில் சரி, சரி என்று, “ஹரி, ஹரி, போ” சொல்லி அனுப்புவான். வருசக்கணக்கில் பழகிய கை அது.

அண்ணை ரிசீவரை எடுத்தார்.

“வணக்கம் ஐயா. ஓம் ஐயா, சிவபாதம்தான். ஓம், பெட்டி தெரியுது. ஓம், யெஸ்ஸும் தெரியுது. அழுத்துறன் ஐயா, அதுக்குத்தானே இருக்கிறன். மவுஸில இடப்பக்கமோ, வலப்பக்கமோ?”

அந்தப் பக்கம் ஏதோ சொன்னது.

“இடப்பக்கம். நல்லது. எனக்கு இடமோ ஐயா, கணினிக்கு இடமோ?”

நான் அடுத்த அறைக்கு ஓடினேன். அங்கே கிண்ணியாவிலிருந்து வருகிற ரிஸ்வானா தட்டச்சுச் செய்துகொண்டிருந்தா. நான் அவவின் திரையின் நெற்றியைப் பிறாண்டத் தொடங்கினேன். துண்டு வரவில்லை. நான் ஒட்டினால் அப்படித்தான், காலத்துக்கும் நிற்கவேண்டும் என்று நாலு பக்கமும் இரண்டு சுற்று ஒட்டியிருந்தேன்.

“என்ன சேர் செய்றீங்க?”

“பெட்டி வந்தா நோ அழுத்து! யெஸ் அழுத்தாத!”

“நீங்கதானே சேர் யெஸ் எண்டு ஒட்டின? கீழ உங்கட பேரும் கிடக்கு.”

“அந்தப் பேருக்குரியவன்தான் சொல்றன், அழுத்தாத!”

ரிஸ்வானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஒரே இழுவையில் செலோடேப்பை வெட்டித் தந்தா. கத்தரிக்கோலோடு மற்ற இரண்டு அறைகளுக்கும் ஓடினேன். ஒரு மேசை என்னுடையது, அங்கே ஆள் இல்லை, இன்னொன்றில் எங்கள் சாரதி இருந்து சீட்டு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். என்னைக் கத்தரிக்கோலோடு கண்டதும் விளையாடினதுக்கு மன்னிப்புக் கேட்டார்.

கேபிளைக் கழற்றியிருக்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்கப் போகிறீர்கள், முகத்தில் தெரிகிறது. ஓம், கழற்றியிருக்கலாம். சுவரில் ஒரே ஒரு கேபிள். பிடுங்கினால் நாலு கணினிகளும் ஊமையாகியிருக்கும். எனக்கும் அது நினைவுக்கு வந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடியில் தலைக்கு ஊற்றும்போது. பதற்றத்தில் படித்ததெல்லாம் அப்படித்தான் லீவில் போய்விடும். உங்களுக்கும் போகும், அதனால் இப்போதே கேபிள் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

திரும்பி வந்தபோது அண்ணை இன்னும் கதையில் இருந்தார். மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கூட்டுக்குள் போட்டு மூடி, “ஐயா பொறுங்கோ, கண்ணாடியை எடுத்துப் போடுறன், எழுத்துச் சின்னனா இருக்கு” என்று சொல்லி, மறுபடி கூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ரிசீவருக்குள் இருந்து கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது.

“கோவிக்காதேங்கோ ஐயா. மவுஸைத் தள்ளத் தள்ளத் திரையில அம்பு பாதி வழிதான் வந்திருக்கு. அதுக்குள்ள மேசை முடிஞ்சு போச்சு. என்ன செய்யட்டும்?”

“தூக்கி வையுங்கோ!” என்று ரிசீவர் கத்தியது.

“கணினியையோ ஐயா? பாரமெல்லோ?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் அண்ணை சிரிக்கவில்லை. வியர்வையில் அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. குரலில் மட்டும் ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா கொழும்புக்கு மூன்று தரம் எடுத்திருக்கிறா. இரண்டு தரம் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் கிடைத்தபோது தம்பி சாப்பிடப் போய்விட்டாராம். சோற்றுக் கையோடு என்றாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வாருங்கோ என்று அக்கா விடாப்பிடியாக நின்றிருக்கிறா. வந்தவர் வணக்கம் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விசயத்தைக் கேட்டாராம்.

அக்கா வாசலில் வந்து நின்று இல்லை என்று தலையை ஆட்டினா. மெதுவாகச் சொன்னா: “அவை ஒருத்தரும் அனுப்பேல்லையாம். இந்தப் பேரில அங்க ஆளே இல்லையாம்.”

நான் மவுஸை வாங்கக் கையை நீட்டினேன். அண்ணை தரவில்லை.

“நான் அழுத்துறன், தம்பி.”

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “ஐயா, குறை நினைக்காதேங்கோ. நான் நோவைத்தான் அழுத்தப் போறன்” என்றார். பிறகு அந்த மனிசன் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது எனக்கும் கேட்டது: “சிவபாதம், யோசிச்சுச் செய்யுங்கோ. பிறகு கஷ்டப்படுவீங்கள்.”

அந்த நாளையில் அப்படி ஒரு வசனத்தைக் கேட்டால் வீட்டை மாற்றிய ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணையின் முகம் வெளிறிப்போனது. எழும்பி நின்றார். நின்றபடி நோவை அழுத்தினார்.

பெட்டி போய்விட்டது. பட்டியல் அப்படியே இருந்தது. தொலைபேசியும் வைக்கப்பட்டுவிட்டது. அண்ணை மட்டும் கதிரையில் இருக்காமல் திரையைப் பார்த்தபடி நின்றார். யாரோ வந்து ஏன் என்று கேட்பார்கள் என்று காத்து நிற்பதுபோல் நின்றார்.

“இருங்கோ அண்ணை.”

“ஒண்டும் நடக்கேல்லையே தம்பி?”

“இல்லை அண்ணை. அவ்வளவுதான்.”

“நோ எண்டு சொன்னால் அவ்வளவுதானோ?”

தொலைபேசியில் வந்தவர் யார், எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை. எப்படிப் பெட்டியை அனுப்பினார் என்பது மட்டும் தெரியும். அந்த மென்பொருளின் கடவுச்சொல் எங்கள் நிறுவனத்தின் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும்தான். அதை வைத்த மேதையும் நான்தான். அன்று பின்னேரமே மாற்றினேன். அண்ணை தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு பேரையும் அடுத்த நாளே கந்தளாயில் ஒரு சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு அவர்கள் நல்லபடி இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அந்தச் சம்பவத்தில் எனக்கு நிம்மதி தருகிற வரி அது ஒன்றுதான்.

இந்த மேசைக்கு உதவி கேட்டு வருகிறவர்கள் ஏதோ ஒரு பெட்டிக்கு யெஸ் அழுத்திவிட்டு வரும்போது, தயவுசெய்து சிரிக்காதீர்கள். அவர்களுக்கு யெஸ் சொல்லப் பழக்கியவர்கள் யாரோ இருப்பார்கள், பலநேரம் எங்களைப்போன்ற ஒரு ஆளாகத்தான் இருக்கும். நான் அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்ட கையோடு, அடுத்த நாள் காலை அண்ணை நேரத்தோடேயே கந்தோருக்கு வந்துவிட்டார். நான் போகும்போது கணினியை இயக்கிவிட்டு அதன் முன்னால் இருந்தார்.

“தம்பி, அந்தப் பெட்டி இன்னொருக்கா வருமோ?”

“வராது அண்ணை. கடவுச்சொல்லை மாத்திட்டன். பயப்படாதேங்கோ.”

“பயமில்லை.” கொஞ்சம் தயங்கினார். “நீங்கள் உங்கட கணினியில இருந்து எனக்கு ஒண்டு அனுப்ப ஏலுமோ? சும்மாதான்.”

நான் என் அறைக்குப் போய் அந்த மென்பொருளாலேயே ஒரு பெட்டி அனுப்பினேன். இங்கே என் திரையில் ‘மறுக்கப்பட்டது’ என்று வந்தது. சுவருக்கு அங்கால் இருந்து “இன்னொண்டு” என்று குரல் வந்தது. அனுப்பினேன். மறுத்தார். மூன்றாவதை அனுப்பும்போது எனக்குக் கண் கலங்கியது. அன்று காலை எத்தனை அனுப்பினேன் என்று தெரியாது. ஒன்றுக்குக்கூட அவர் ஓம் என்று சொல்லவில்லை.